ரெலிபோன் கார்டைப் புனிதமாக்காதீர்கள்

முகநூலில் அடிக்கடி ஒரு வகைப் பதிவைக் காண்கிறோம். பழைய ரெலிபோன் கார்ட் ஒன்றின் படம். பின்பக்கத்துச் சாம்பல் பட்டை சில்லறைக் காசால் சுரண்டப்பட்டிருக்கும். 'கார்ட் முடியும் வரைக்கும் கதைச்ச அந்த அன்பு இப்ப எங்க?' என்று கீழே ஒரு வசனம். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் மாமாமாரும் சித்திமாரும் வந்து இதயக்குறி போட்டுவிட்டுப் போவார்கள். முதல் தரம் பார்த்தபோது நாங்களும் போட்டோம். பிறகு எங்களுக்குள் இருந்து கதைத்தபோது கோபம்தான் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்களில் சிலர் யாழ்ப்பாணம், சிலர் மட்டக்களப்பு, ஒருவர் மூதூர், ஒருவர் அட்டன். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் வெளிநாட்டில். அப்பா, மாமா, பெரியம்மா, இரண்டு வீடுகளில் அம்மா. கார்ட் வாங்கியவர்கள் அவர்கள். மறுமுனையில் காத்திருந்த பிள்ளைகள் நாங்கள். அந்த முனையிலிருந்து பார்த்தால் இந்தக் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை.

முதலில் கார்டின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொஸ்டரில் பெரிய எழுத்தில் '5 டொலருக்கு 200 நிமிடம்' என்று இருக்கும். நிமிடத்துக்கு இரண்டரைச் சதம். பொடி எழுத்தில் கீழே வேறு சில விஷயங்கள் இருக்கும். ஒவ்வொரு கோலுக்கும் இணைப்புக் கட்டணம். மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கெடுப்பது. முதல் கோல் எடுத்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருக்கா கழிக்கும் பராமரிப்புக் கட்டணம். இணைப்புக்கு 50 சதம், பராமரிப்புக்கு 60 சதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அண்ணா வேலை முடிந்து வந்து, இரண்டு கிழமையில் ஐந்து தரம், ஏழேழு நிமிடம் வீட்டோடு கதைக்கிறார். ஏழு நிமிடம் கார்டுக்கு ஒன்பது நிமிடம், அதாவது இருபத்திரண்டரைச் சதம். இணைப்போடு சேர்த்து எழுபத்திரண்டரைச் சதம். ஐந்து கோலுக்கு மூன்று டொலர் அறுபத்திரண்டரைச் சதம். இரண்டு கிழமைப் பராமரிப்பு ஒரு டொலர் இருபது. மிஞ்சுவது பதினேழரைச் சதம். அதில் இன்னொரு கோல் எடுக்கவே ஏலாது. கார்ட் முடிஞ்சுது.

அவர் கதைத்தது 35 நிமிடம். பொஸ்டரில் இருந்தது 200. நிமிடத்துக்கு இரண்டரைச் சதம் என்று நினைத்து வாங்கியவர் பதினாலு சதத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார். ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் கதைத்திருந்தால்கூட 180 நிமிடம்தான் கிடைத்திருக்கும். இரட்டை வேலை செய்கிற மனுசன் எந்த நாளில் மூன்று மணித்தியாலம் கதைப்பார்? எங்கட ஊரில் எந்த வீட்டில் அவ்வளவு நேரம் லைன் அறுபடாமல் நின்றது?

எங்கள் கணக்கு உதாரணக் கணக்குத்தான். ஆனால் இந்த வழக்கம் எங்கள் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008இல் இப்படியான கார்ட் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. கார்டுகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோது சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதியளவுதான் கிடைத்தது என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2015இல் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் ஆறு கார்ட் நிறுவனங்களுக்குத் தலா 50 இலட்சம் டொலர், மொத்தம் 3 கோடி டொலர், தண்டம் விதித்தது. விளம்பரத்தில் சொன்ன நிமிடங்கள் முழுவதையும் ஒரே கோலில் கதைத்தால் ஒழியக் கிடைக்காது என்பதுதான் அங்கும் பிரச்சினை. அந்தக் கார்டுகள் குறிவைத்தது குடியேறி வந்தவர்களைத்தான். சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்கள், ஐந்து டொலருக்காக முறைப்பாடு எழுதப் போகாதவர்கள், விசா இல்லாததால் எந்த அரச அலுவலகப் படியும் ஏறப் பயந்தவர்கள். எங்கட ஆக்கள்.

உடனே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். 'கார்ட் இல்லாட்டி நாங்கள் கதைச்சே இருக்க மாட்டம். வீட்டு லைனில நேர எடுத்தா மாசச் சம்பளமே போயிருக்கும்.' உண்மை. நாங்கள் அதை மறுக்கவில்லை. நேரடி அழைப்பின் விலையோடு ஒப்பிட்டால் கார்ட் மலிவுதான். ஆனால் நேரடி அழைப்பு ஏன் அந்த விலையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இலங்கையில் வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் உரிமை 2002 ஆகஸ்ட் வரைக்கும் ஒரே நிறுவனத்தின் ஏகபோகம். அது உடைந்து விலை இறங்கத் தொடங்கிய கையோடு, 2004 நிதிச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் நிறுவனங்களிடம் வரி அறவிடத் தொடங்கியது. நிறுவனம் கட்டுகிற வரி கடைசியில் யாருடைய தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. தாயோடு கதைப்பதற்குப் பிள்ளை கொடுத்த காசில் அரசுக்கும் பங்கு இருந்தது. கொள்ளை விலை ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதைவிடக் குறைந்த கொள்ளையை 'மலிவு' என்று எங்களுக்கு விற்றார்கள். நாங்களும் நன்றியோடு வாங்கினோம்.

இந்தப் பக்கத்திலும் காசு போனது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் தொலைபேசி இல்லை. பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து லொட்ஜில் கிடந்த அம்மம்மாக்களை எங்களுக்குத் தெரியும். பிறகு சந்திக்குச் சந்தி கொமினிக்கேஷன் வந்தது. வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் கடைப் பொடியன் சைக்கிளில் வந்து கூப்பிடுவான். ஓடிப்போய் வாங்கில் இருந்தால் திரும்ப எடுப்பார்கள். வருகிற கோலுக்கும் கடைக்காரர் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். ஒரே உரையாடலுக்கு இரண்டு பக்கமும் மணிக்கூடு ஓடும். அங்கே கார்ட், இங்கே கடை மேசையில் ஒரு ஸ்டொப்வொட்ச். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் எந்த இடத்தில் அன்பு பொங்கி வழிந்தது என்று அந்தப் பதிவுக்காரர்கள் சொன்னால் நல்லது.

உண்மையில் நடந்தது என்ன? அம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பா: 'கெதியாக் கதை, காசு போகுது.' நாங்கள் எழுதி வைத்ததை ஒப்புவிப்போம். 'சுகமா இருக்கிறம், சோதனை நல்லாச் செய்தனான், சப்பாத்து வேணும்.' பிறகு அம்மா வாங்குவா. காசு வந்ததா, சீட்டுக் கட்டியாச்சா, கூரைக்கு எவ்வளவு வேணும், ஏஜென்சிக் கடன் எவ்வளவு மிச்சம். நடுவில் அந்தப் பெண் குரல் வந்து 'ஒரு நிமிடம் உள்ளது' என்று இங்கிலிஷில் சொல்லும். அத்தோடு அறுந்துவிடும். 'நீங்க எப்பிடி இருக்கிறீங்க, நித்திரை கொள்ளுறீங்களா, ஆராவது ஏசுறாங்களா?' என்று கேட்க நேரம் இருக்காது. எங்களில் ஒருவரின் அப்பாவுக்குக் கடையில் வேலை செய்யும்போது கையில் பெரிய வெட்டு விழுந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு அவர் லீவில் வந்து இறங்கியபோது தழும்பைப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தெரியும். அந்த நாலு வருடமும் கிழமைக்கு ஒரு கோல் வந்தது.

எல்லாப் பழியையும் கார்ட் மேல் போட்டுவிட்டு நாங்கள் தப்பப் பார்க்கவில்லை. நேரம் குறைவு என்பது உண்மை. இருந்த நேரத்தில் எதை முதலில் கேட்டோம் என்பது எங்கள் தெரிவு. மிஸ்ட் கோல் அடித்துவிட்டுத் திரும்ப எடுக்கப் பத்து நிமிடம் பிந்தினால் கோபித்துக்கொண்டவர்களும் நாங்கள்தான்.

'இதெல்லாம் முடிஞ்ச கதை, இப்ப வாட்ஸ்அப் இருக்குத்தானே, எல்லாம் இலவசம்' என்கிறீர்களா? ரொறன்ரோ மாமாவுக்கு முடிந்த கதை. அபுதாபியில் வீட்டு வேலை செய்யும் மூதூர்ப் பெண்ணுக்கு முடியவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், கோல் எடுக்க முடியாது. அனுமதி பெற்ற செயலிகளில்தான் கதைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்ட். சவூதி அரேபியாவே 2017இல்தான் இணைய அழைப்புகள் மீதான தடையை எடுத்தது. தடை இல்லாத இடத்திலும் போனை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் மட்டும் கையில் கொடுக்கும் எஜமானிகள் இருக்கிறார்கள். மூதூர்த் தோழியின் உம்மா ராவு பன்னிரண்டு மணிக்குக் குசினிக்குள் இருந்து குசுகுசுத்து அனுப்பிய குரல் பதிவுகள் இப்போதும் அவளுடைய போனில் இருக்கின்றன. அதைக் கேட்ட பிறகு எங்களுக்கு 'இலவசம்' என்ற சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது.

2022 நெருக்கடியில் மட்டும் இந்த நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2023இல் வெளியிலிருந்து வந்த பணம் கிட்டத்தட்ட 600 கோடி அமெரிக்க டொலர். மத்திய வங்கி அதை மாதம் தவறாமல் எண்ணிச் சொல்கிறது. அனுப்பியவர்கள் வீட்டோடு எத்தனை நிமிடம் கதைத்தார்கள், அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எண்ண இந்த நாட்டில் ஒரு மேசையும் இல்லை.

ஆகவே கேட்கிறோம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் எங்களுக்காகத்தான் இருக்கிறது என்றால், வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: தொலைபேசி தொழிலாளியின் கையில் இருக்கும், ஒவ்வொரு நாளும் வீட்டோடு கதைக்க நேரம் கொடுக்கப்படும், அந்தச் செலவை வேலை கொடுப்பவர் ஏற்பார். கடவுச்சீட்டைத் தொழிலாளியே வைத்திருக்கும் உரிமையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் வீட்டுப் பணியாளருக்குச் சொல்கிறது. ஆபத்தில் கடவுச்சீட்டுக்கு முன்னம் தேவைப்படுவது போன். அடி விழும்போது யாரிடம் போய்க் கடவுச்சீட்டைக் காட்டுவது? போவதற்கு முன் கொடுக்கும் பயிற்சியில் அவர்களுடைய சமையலறை மெஷின்களை எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள்தானே. கார்டின் பொடி எழுத்தை எப்படி வாசிப்பது, ஒரு கோலுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்ப்பது எப்படி என்றும் அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுங்கள்.

எங்களுக்குள்ளும் ஒரு தீர்மானம். பழைய கார்டின் படம் போடும் மாமாமாரிடம் இனி இதயக்குறிக்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்கப் போகிறோம். 'மாமா, அந்த நேரம் நீங்க எங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ன?' நேரம் இருக்கிறவர்கள் இப்பவாவது சொல்லட்டும். வளைகுடாவிலிருந்து இன்றைக்கு ராத்திரி கோல் வரும் வீடுகளில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, உங்களிடமும் ஒன்று. காசு வந்ததா என்பதைக் குறுஞ்செய்தியில் கேளுங்கள். போனை எடுத்தவுடன் 'உம்மா, சாப்பிட்டீங்களா, ஆராவது அடிக்கிறாங்களா?' என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எவ்வளவு காசு போனாலும் பரவாயில்லை, வைத்துவிடாதீர்கள்.