வயிற்று நீரை முதல் நாளே சோதிக்க ஏன் தயக்கம்?

புளியஞ்சோலை என்றால் நம்மில் பலருக்கு வீக்கெண்ட் பைக் ரைடு, ஆற்றுக் குளியல், ரெண்டு ரீல்ஸ். திருச்சியிலிருந்து சுமார் 70 கி.மீ., கொல்லிமலை அடிவாரம். எனக்கு அது பெரியப்பா ஊர்ப் பக்கம்.

பெரியப்பாவுக்கு 'சிரோசிஸ்' என்கிற கல்லீரல் சுருக்க நோய். வயிறு உப்பி, கால் வீங்கி, மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒருநாள் பேச்சு குழறியது. பேரன் பெயரை மாற்றிச் சொன்னார். பெரிதாகக் காய்ச்சல் இல்லை, வயிற்று வலியும் இல்லை. முதலில் சேர்த்த இடத்தில் குளுக்கோஸ் ஏற்றி, ஏதோ ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். மூன்றாம் நாள் வேறொரு பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகுதான் வயிற்றிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். நீரில் தொற்று. எந்தக் கிருமி என்று கல்ச்சரில் பிடிபடவில்லை, முன்பே மருந்து போயிருந்ததே! அதற்குள் கிட்னியும் படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் பெரியப்பா போய்விட்டார்.

முதல் நாளே சோதித்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. சோதித்திருக்க முடியும் என்பது மட்டும் தெரியும்.

அது என்ன தொற்று?

'வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு' என்று ஊரில் சொல்வார்களே, பழைய வைத்தியத்தில் மகோதரம், அந்த நீரில் வருவது. குடலில் ஓட்டை எதுவும் விழாமலேயே, குடலில் குடியிருக்கும் ஈ.கோலை மாதிரி பாக்டீரியா அந்த நீருக்குள் போய்ப் பெருகிவிடும். 1964-ல் அமெரிக்க மருத்துவர் ஹரோல்ட் கான் இதற்கு 'ஸ்பான்டேனியஸ் பாக்டீரியல் பெரிடோனைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். டாக்டர்கள் வாயில் எஸ்.பி.பி. அப்போதெல்லாம் இது வந்தால் பிழைப்பது அபூர்வம். இப்போது சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் அந்த அட்டாக்கைத் தாண்டிவிடுகிறார்கள்.

'சீக்கிரம்' என்பதில்தான் சிக்கல். காய்ச்சல், வயிற்று வலி எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வராது. சிலருக்கு லேசான குழப்பம் மட்டும். சிலருக்கு அறிகுறியே இருக்காது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேன் நீர் இருப்பதைக் காட்டுமே தவிர அதில் தொற்று இருக்கிறதா என்று சொல்லாது. அதனால்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள், வயிற்றில் நீருள்ள சிரோசிஸ் நோயாளி என்ன காரணத்துக்காக அட்மிட் ஆனாலும் நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்கின்றன. ஆன்டிபயாட்டிக் அதற்குப் பிறகுதான்.

சோதனை ராக்கெட் சயின்ஸ் இல்லை. பெரும்பாலும் அடிவயிற்றின் இடப்பக்கம் ஊசி போட்டு ஒரு சிரிஞ்ச் நீர் எடுப்பார்கள். அதில் வெள்ளையணுக்கள் எத்தனை, அவற்றில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று எண்ண வேண்டும். ஒரு கன மில்லிமீட்டருக்கு 600 வெள்ளையணு, அதில் பாதி நியூட்ரோஃபில் என்றால் 300. கோடு 250. அதைத் தொட்டாலே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும், கல்ச்சர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. (லிம்போசைட் அதிகமாக இருந்தால் வயிற்று டி.பி.யா என்று டாக்டர் யோசிப்பார். நம்ம ஊரில் அதுவும் உண்டு.)

கல்ச்சரை நம்பி உட்கார முடியாததற்குக் காரணம், நீரில் கிருமியின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. சாதாரண முறையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவும் வளராது. நீரை எடுத்த கையோடு, படுக்கை பக்கத்திலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றினால் பிடிபடும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. லேபில் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

இதற்கு கார்ப்பரேட் லேப் வேண்டுமா? வேண்டாம். மைக்ரோஸ்கோப், அணுக்களை எண்ணும் சேம்பர், சாயம், பழகிய லேப் டெக்னீஷியன். டி.பி. சளியைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பே போதும். ராத்திரி எண்ண ஆளில்லையா? யூரின் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்தால் ஓரிரு நிமிடத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் உடனே உஷாராகலாம். மாறவில்லை என்றால் நிம்மதியாகிவிடக் கூடாது, அது தப்பவிடும் கேஸ்கள் நிறைய. எண்ணிக்கைக்கு அது மாற்று இல்லை.

அப்புறம் ஏன் செய்வதில்லை?

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு மருத்துவமனைத் தரவுகளை வைத்து நடந்த ஆய்வில், இப்படி அட்மிட் ஆனவர்களில் 61 சதவீதம் பேருக்குத்தான் நீர் எடுத்திருந்தார்கள். எடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு குறைவு. 2014-ல் அங்கேயே வந்த இன்னோர் ஆய்வில், எஸ்.பி.பி. நோயாளிகளுக்கு நீர் எடுப்பது 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 2.7 மடங்கு. தாமதம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாத வகை ஆய்வுதான். ஆனாலும் 12 மணி நேரம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் முதல் நாளே முடிந்துவிட்டது.

டாக்டர்களின் தயக்கம் பெரும்பாலும் ரத்தக்கசிவு பற்றியது. கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவதும் கெடும், நியாயமான பயம். ஆனால் இந்த ஊசியால் பெரிய ரத்தக்கசிவு அபூர்வம். அதற்காக முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்ற வேண்டியதில்லை என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

நம் தயக்கம் வேறு. 'தண்ணி எடுத்தா ஆள் நிக்க மாட்டாங்க' என்று பெரியம்மாவும் சொன்னார். ரொம்ப முற்றிய நிலையில் லிட்டர் கணக்கில் எடுத்தவர்களைப் பார்த்து வந்த பேச்சு அது. சோதனைக்கு எடுப்பது ஒரு டீ கிளாஸ்கூட வராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. படித்த நானும் சொல்லவில்லை, எனக்கே அன்றைக்குத் தெரியாது.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சுகர் மாத்திரையோடு மலைக் கிராமம் வரை போகிறது. அதே கையோடு சிரோசிஸ் நோயாளி வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லலாம்: பேச்சு குழறினால், தூக்கம் தலைகீழானால், யூரின் குறைந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு வரி சேர்க்கலாம்: 'வயிற்றில் நீர் உள்ளது, அட்மிட் செய்தால் உடனே சோதிக்கவும்.' இதற்குப் புது பட்ஜெட் தேவைப்படாது.

அதுவரை, வார்டில் கூட இருக்கும் மகனோ மகளோ டியூட்டி டாக்டரிடம் கேட்கலாம்: "சார், ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடி வயித்துத் தண்ணி டெஸ்ட்டுக்கு எடுத்தாச்சா?"