நானோ குழாயும் அதன் சட்டையும்

நானோ தொழில்நுட்பம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் நேராகக் கார்பன் நானோ குழாய்க்குத் தாவிவிடுவார்கள். எஃகைவிட வலு, முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிசு, இப்போது நோயையும் கண்டுபிடிக்கிறது என்று புகழ்மாலை நீளும். கடைசியாகச் சொன்ன புகழ் மட்டும் தப்பான ஆளுக்குப் போகிறது என்பது என் கட்சி. நோயைக் கண்டுபிடிப்பது குழாய் இல்லை, அதற்கு நாம் போட்டுவிடும் சட்டை!

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டினால் ஒற்றைச்சுவர் நானோ குழாய். குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர். உள்ளே ஒளிந்திருக்கும் அணு என்று ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே மேற்பரப்பில்தான். அதனால் பக்கத்தில் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினாலும் குழாய் விடும் ஒளி மாறிவிடும்.

குழாய்க்கு ஏது ஒளி என்கிறீர்களா? 2002-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி, வைஸ்மன் குழுவினர் காட்டியது இது. குறைக்கடத்தி வகைக் குழாய்மேல் ஒளி பாய்ச்சினால் அது அண்மை அகச்சிவப்பில் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரத்தமும் தசையும் அவ்வளவாக மறைக்காத ஒளி அது. சாதாரணச் சாயம்போல் வெளுத்தும் போகாது.

அவர்களும் குழாயை அப்படியே தண்ணீரில் போட்டுவிடவில்லை. போட்டால் குழாய்கள் கற்றையாக ஒட்டிக்கொள்ளும், கற்றையில் இருக்கும் உலோக வகைக் குழாய்கள் ஒளியை விழுங்கிவிடும். சோப்பு மாதிரியான ஒரு பொருளால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றிய பிறகே ஒளி தெரிந்தது. ஆக, முதல் நாளே சட்டை தேவைப்பட்டிருக்கிறது.

சட்டையில் இரண்டு விதம். ஒன்று, பிணைப்பு எதுவும் போடாமல் சும்மா சுற்றிவிடுவது. டி.என்.ஏ. இழை இதற்கு ரொம்பப் பிரபலம். ஜி, டி என்ற எழுத்து ஜோடி 15 முறை வரும் இழையைச் சுற்றினால், மூளையில் சுரக்கும் டோபமைன் பக்கத்தில் வரும்போது குழாயின் ஒளி கூடும் (2014). இழையின் எழுத்து வரிசையை மாற்றிப் பாருங்கள், அதே குழாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இன்னொன்று, சுவரிலேயே சகப்பிணைப்பு போடுவது. அப்படிச் செய்தால் ஒளி செத்துவிடும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். நிறையப் போட்டால் உண்மைதான். ஆனால் 2010-ல் ரைஸில் ஆக்சிஜனை வைத்தும், 2013-ல் மேரிலாந்தில் டயசோனியம் உப்பை வைத்தும் செய்த சோதனைகளில், மிகக் கொஞ்சமாகப் போட்டால் நீண்ட அலைநீளத்தில் ஒரு புது ஒளி வந்தது. மேரிலாந்தில் வெளிச்சம் 28 மடங்கு வரை கூடியது. குறை என்று ஒதுக்கிய இடமே விளக்காகிவிட்டது. :-)

இனி என் ஆதங்கம். இத்தகைய சென்சார்களில் பல, சுத்தமான உப்புக் கரைசலில் அழகாக வேலை செய்ததுமே "நோயறியும் கருவி" என்று பெயர் வாங்கிவிடுகின்றன. ரத்தம் அவ்வளவு சுத்தமா என்ன? டி.என்.ஏ. சுற்றிய குழாயின் ஒளியை வைட்டமின் சி கூடக் கூட்டிவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் புரதம் அந்தக் குழாயில் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது என்று பெர்க்லி ஆய்வுக்குழு ஒன்று 2020-ல் காட்டியது. அதாவது, நாம் போட்ட சட்டைக்கு மேலே உடம்பு தன் பங்குக்கு இன்னொரு சட்டை போட்டுவிடுகிறது. அதற்கப்புறம் நாம் அளப்பது எதை? தப்பான அளவை நம்பி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிதான் இதற்கு விலை கொடுப்பார்.

நம்பிக்கை தரும் பதிலும் இருக்கிறது. 2022-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் ஹெல்லரும் மேரிலாந்துக்காரர்களும் இந்தக் குழப்பத்தையே கருவியாக்கினார்கள். டி.என்.ஏ. சுற்றி, சுவரில் கொஞ்சமாகப் பிணைப்பும் போட்ட பலவகைக் குழாய்களை 269 பேரின் ரத்த சீரத்தில் போட்டு, ஒளி மாறிய விதத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நோய் இல்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விடுவிக்கும் நிலையில், சினைப்பைப் புற்றுநோய் உள்ள 100 பேரில் 87 பேரை அது பிடித்தது. ரத்தத்தில் சி.ஏ.125 அளவையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கும் இன்றைய சோதனைக்கு அந்தக் கணக்கு 84.

வித்தியாசம் வெறும் மூன்றுதான், 269 பேர் என்பதும் ஆரம்பம்தான். ஆனாலும் எனக்கு இந்த வழிதான் நேர்மையாகப் படுகிறது. இவர்கள் சென்சாரை நோயாளியின் சீரத்திலேயே இறக்கிப் பார்த்துவிட்டார்கள். மற்றவர்களும் முதலிலேயே அதைச் செய்யட்டும். எந்தச் சட்டை வேலை செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். அடுத்து வருபவன் அதே சட்டையைத் திரும்பத் தைக்காமலாவது இருப்பான்.

அதனால் நண்பர்களே, அடுத்த முறை "நானோ குழாய் புற்றுநோயைக் கண்டுபிடித்தது" என்று செய்தி படித்தால் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். அதற்கு என்ன சட்டை போட்டார்கள்? தண்ணீரில் சோதித்தார்களா, ரத்தத்திலா?