ஸ்கூடாயும் பாளையங்கோட்டையும்

பக்கவாதத்தில் மடங்கிப்போன கையை ஏந்தி, விரல் விரலாக நீவிப் பிரித்துவிடுகிறார் சிகிச்சையாளர். பாரம்பரிய மருத்துவம் படித்தவரின் சாதனை, நோயாளி மறுபடி கரண்டி பிடிக்கும் அந்த நாள்தான். பட்டமளிப்பு மேடை அதற்கு அப்புறம்.

ஜொகூருக்கு இதில் பெருமை உண்டு. மலேசியாவில் பாரம்பரிய மருத்துவப் பிரிவை முதன்முதலில் பெற்ற மூன்று அரசு மருத்துவமனைகளுள் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் ஒன்று. ஸ்கூடாயில் உள்ள சதர்ன் பல்கலைக்கழகக் கல்லூரி சீன மருத்துவத்தில் பட்டப்படிப்பே நடத்துகிறது. சீனச் சமூகம் கல்விக்கு அள்ளிக் கொடுத்ததன் பலன் அது.

நம் சித்த மருத்துவம்? அதைப் பட்டமாகப் படிக்க விரும்பும் பிள்ளை பாளையங்கோட்டைக்கோ தாம்பரத்துக்கோ கடல் கடக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள்! அத்தனை உழைப்புக்கும் மதிப்பளிக்க நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வழி திறந்திருக்கிறது. இந்திய மருத்துவமும் அதில் தனித் துறை.

ஜொகூரின் தமிழ் அமைப்புகளே, ஆளுக்கு ஒரு மாணவரின் படிப்புச் செலவை இந்த ஆண்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.