கண்ணும் கண்ணோட்டமும்

திருவள்ளுவர் அரசியலைக் கூறுமிடத்துக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை முன்னும், ஒற்றாடல் என்னும் அதிகாரத்தை அதனை அடுத்தும் அமைத்துள்ளார். கண்ணோட்டமாவது பிறரைக் கண்டவிடத்து உள்ளத்தே தோன்றும் இரக்கம். ஒற்றாடலாவது நாட்டில் நிகழ்வனவற்றை ஒற்றரால் அறிந்துகொள்ளுதல். ஆள்வோர்க்கு இவ்விரண்டும் வேண்டற்பாலன. இவற்றை ஒருங்கு வைத்து ஆராய்தற்கு இந்நாளில் நம் தாம்பரத்து வீதிகளே போதிய காரணமாகின்றன.

இரயில் நிலையத்தினின்று புறப்பட்டு வேளச்சேரி சாலை வழியே சேலையூருக்கோ, ஜி.எஸ்.டி. சாலை வழியே குரோம்பேட்டை, பல்லாவரங்களுக்கோ செல்வார் ஒருவர் சற்றே தலை நிமிர்ந்து நோக்குவராயின், சந்திதோறும் கடைதோறும் தம்மை உற்று நோக்கும் காமிராக்களைக் காண்பர். 2017-ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னைப் போலீஸார் 'மூன்றாம் கண்' என்னும் பெயரால் இவற்றைப் பெருக்கினர். வணிகரும் குடியிருப்போர் சங்கத்தாரும் இதற்குத் தாமே பொருளுதவி செய்தனர். 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் நாள் தாம்பரம் தனிப் போலீஸ் கமிஷனரகமாயிற்று. இப்பகுதியில் காமிராக்களை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்ததாக நாம் கேட்டதில்லை. 'எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும்' என்னும் வேண்டுகோளே மிகுதி.

அவ்வேண்டுகோள் அறியாமையின் விளைவன்று. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருத்தி பட்டப்பகலில் வெட்டுண்டு மாண்டபொழுது, அந்நிலையத்தில் காமிரா ஒன்றேனும் இருந்ததில்லை. அயல் தெருவிலிருந்த காமிராவின் பதிவே புலன் விசாரணைக்குத் துணையாயிற்று. மாலையில் தனித்து வீடு திரும்பும் பெண்களும், கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த முதியோரும் காமிராவை நண்பனெனக் கருதுவதில் வியப்பில்லை. அவர்களை எள்ளி நகையாடுவோர் அவர்கள் அச்சத்தை அறியாதவரே.

எனினும் பிற இடங்களில் மக்கள் எதிர்த்துள்ளனர். ஏன் எதிர்த்தனர் என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரில் 2010-ஆம் ஆண்டு ஏறக்குறைய 200 காமிராக்கள் முஸ்லிம்கள் மிக்கு வாழும் பகுதிகளில் நிறுவப்பட்டன. குற்றங்களைத் தடுத்தற்கென்று மக்களிடம் கூறப்பட்டது; பொருளோ பயங்கரவாதத் தடுப்பு நிதியினின்று வந்தது. மறைவாக வைக்கப்பட்டனவும் அவற்றுட் பல. உண்மை வெளிப்பட்டதும் மக்கள் கூட்டங்கூடிக் கண்டித்தனர். அடுத்த ஆண்டிலே அவை அகற்றப்பட்டன. ஹைதராபாத்தில் போலீஸார் தம்மைத் தெருவில் நிறுத்தி முகக்கவசத்தை நீக்கச் செய்து படம் பிடித்தனர் என்று சமூகப் பணியாளரான எஸ். கியூ. மசூத் முகவடையாளக் கருவிகளை எதிர்த்து வழக்கிட, 2022-ஆம் ஆண்டு தெலங்கானா உயர்நீதிமன்றம் அரசாங்கத்துக்கு அறிவிப்பு அனுப்பியது. லண்டனிலோ 2023-ஆம் ஆண்டு வாகனப் புகைக் கட்டண விதியை வெறுத்த சிலர் இரவில் காமிராக்களை அறுத்தெறிந்தனர். முன்னிருவகையும் குடிமக்கட்குரிய செயல், பின்னது அன்று. பொதுப்பொருளை அழிப்பவன் தன் வழக்கைத் தானே தோற்கின்றான்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்குச் சாலைவிதி மீறுவோரைக் கண்டறிதற்கு 726 காமிராக்கள் நிறுவப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் முதல் தண்டம் விதிக்கப்படலாயிற்று. அன்றே எதிர்க்கட்சியினர் ஒப்பந்தத்தில் ஊழல் நிகழ்ந்ததெனக் காமிராக்களின் முன்னர் நின்று கிளர்ச்சி செய்தனர். பொதுமக்களின் முறையீடு வேறொன்று. கணவனும் மனைவியும் தம் சிறு குழந்தையை நடுவிலிருத்தி மோட்டார் சைக்கிளிற் செல்வராயின், கருவி மூவர் என எண்ணும், தண்டம் விதிக்கும். மோட்டார் வண்டி வாங்க இயலாத குடும்பம் என் செய்யும்? இம்முறையீட்டைக் கேட்ட அரசாங்கத்தார், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பொருட்டு அப்பொழுதைக்குத் தண்டம் இல்லை என அறிவித்தனர். கருவி எண்ணிக்கையைக் கண்டது. மனிதரே குழந்தையைக் கண்டனர். காமிராவுக்குக் கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை. அதனை ஆளுவோர் அக்குறையை நிரப்புதல் வேண்டும். அவர்களை அவ்வாறு செய்விப்பது மக்களின் குரலே.

'குற்றமற்றவன் அஞ்சுவானேன்?' என்று சிலர் வினவுவர். இவ்வினா காண்பவரும் குற்றமற்றவரென முன்னரே முடிவு செய்துகொள்கின்றது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் துன்புறுத்தப்பட்டுப் பின்னர் மாண்டனர். அந்நிலையத்திலும் காமிரா இருந்தது. போதிய சேமிப்பிடம் இருந்தும், பதிவு நாடோறும் தானே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததென விசாரித்த மாஜிஸ்டிரேட்டு அறிக்கை தந்தார். வீதியில் நடப்பவனைப் பதிந்து வைக்கும் கண், காவலரின் அறையில் மறதியுடையதாயிற்று! அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் உச்சநீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வைத்துப் பதிவுகளை 18 மாதங்கள் காத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒற்றி அறிக என்ற வள்ளுவர் கருத்தும் இதுவேயன்றோ? 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் போலீஸாரின் முகவடையாளத் தளத்தினின்று தகவல்கள் திருடுபோனமையும் இதனையே வலியுறுத்தும்.

சட்டத்தின் நிலை யாது? 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதில் தலையிடுவதாயின் சட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். நோக்கம் நேரியதாதல் வேண்டும். செயல் நோக்கத்தின் அளவைக் கடவாதிருத்தல் வேண்டும். ஆயினும் 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிய தகவற் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசாங்கம் குறிக்கும் அரசாங்க அமைப்புகளுக்கு விலக்களிக்க இடந்தருகின்றது. நம்மை நோக்கும் கண்கள் எத்தனை என்பதிலும் தெளிவில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கணக்குகளுள் ஒன்று, சென்னையில் சதுரக் கிலோமீட்டருக்கு 657 காமிராக்கள் என்றது. மற்றொன்று சதுர மைலுக்கு 610 என்றது. முன்னது பின்னதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆகவே, நாம் செய்யத்தக்கது யாது? காமிராவே வேண்டா என்பது என் கருத்தன்று. கணக்கில்லாத காமிரா வேண்டா என்பதே. ஒவ்வொரு கம்பத்தின் கீழும், அதனை நிறுவியவர் யார், பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், முகவடையாளம் காணும் கருவி அதனோடு இணைந்துளதா, குறை கூறுவோர் எவரிடம் கூறுதல் வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதி வைக்குமாறு கேட்போமாக. கேட்டற்குரிய இடமும் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நம் மாநகராட்சியைச் சார்ந்த பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்தமர்ந்து மக்கள் கூறியவற்றைக் கேட்டார். குடிநீர், குப்பை, சாலை ஆகியவற்றைப் பற்றி வினவும் அவையில் இதனையும் வினவுதல் தகும். பொருள் கொடுத்தவர் கணக்குக் கேட்டல் உலக வழக்கு. கற்றாராகிய மாணவர், தத்தம் தெருவாரோடு அச்சபைக்குச் சென்று அஞ்சாது எழுந்து வினவுவாராக.