வரைபடத்தில் இல்லாத கொட்டகை

இரவு ஒன்பதரை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்காக நிற்கிறேன். பக்கத்தில், என் ஆய்வுக்காக நான் சந்திக்கும் ஜவுளிக்கடைப் பெண்களில் ஒருவர். நான்காவது மாடியில் வேலை. "பின்னாடி படிக்கட்டா? அங்கதான் பண்டல் அடுக்கி வெச்சிருக்காங்களேக்கா."

அதே ஸ்ரீரங்கத்தில், 2004 ஜனவரி 23 அன்று, திருமண மண்டப மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆறே மாதத்தில், ஜூலை 16, கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

திட்ட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் கொட்டகையை யார் வரைகிறார்கள்? அதில் மொட்டை மாடி காலியாக இருக்கும், படிக்கட்டு அகலமாக இருக்கும். மற்றதெல்லாம் பிறகு. 2007 ஜூலைக்கு முந்தைய விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 113-சி என்றொரு சட்டப்பிரிவே வந்தது. கட்டணம் கட்டியதால் எந்தப் படிக்கட்டும் அகலமாகிவிடாது.

தீக்குச் சாதி தெரியாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கல்லாப்பெட்டி தரைத்தளத்தில், வாசலுக்கு எதிரே இருக்கிறது. சேரியிலிருந்து வந்த பெண் நான்காவது மாடியில் நிற்கிறார். (கடை ஊழியர் உட்காரவே 2021இல்தான் இங்கே சட்டத்திருத்தம் வந்தது.)

தீயைப் பற்றிய கேள்வியை அனுமதி கேட்கும் அன்றே கேட்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் எத்தனை ஊழியர், இரவில் அங்கேயே தங்குவோர் எத்தனை பேர், இரண்டாவது படிக்கட்டு எந்தத் தெருவில் இறங்குகிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வைக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைத் தமிழில் கடை வாசலில் மாட்ட வேண்டும்; ஆய்வுக்கு வரும் அதிகாரி அதை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டும். பண்டலுக்குப் பின்னால் படிக்கட்டு இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதைக் காலி செய்யச் சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.