சித்திரை வெயிலில் ஒரு தரும ஓட்டம்

பங்குனி பிறந்ததும் எங்கள் ஊர் வாசிகசாலையிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருவது வழக்கம். இம்முறையும் வந்தது. வாசிகசாலையின் செயலாளர் என் மகனின் வயதை ஒத்தவர். ஆயினும் ஊர் வழக்கப்படி என்னை அண்ணை என்றே அழைப்பவர். "அண்ணை, இந்த முறையும் வருஷத்தோடைதான் ஓட்டம் வைக்கிறம். சிறுநீரக வருத்தக்காரருக்குக் காசு சேர்க்க. பேப்பரிலை ஒரு செய்தி வரப் பண்ணித் தாங்கோ" என்றார். செய்தி போடுவது எனக்குப் பெரிய காரியமன்று. முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் தொழில் அது. எனினும் இம்முறை உடனே சம்மதம் சொல்ல என்னால் முடியவில்லை. "திகதியை மாற்றுவதென்றால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். அந்த மௌனத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டும் ஓட்டப்போட்டியும் இலங்கையில் இணைபிரியாதவை. கிராமத்துப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் காலையில் சைக்கிள் ஓட்டமும் மரதன் ஓட்டமும், பின்னேரம் வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல், கயிறிழுத்தல் என்று நிகழ்ச்சி நிரல் நீளும். சிங்களக் கிராமமாயினும் தமிழ்க் கிராமமாயினும் இந்த நிரலில் பெரிய வேறுபாடு இராது. மரதன் என்று நாம் அழைப்பது உண்மையில் மரதன் அன்று. 1908 இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டுப் பின்னர் விதியாக்கப்பட்ட 42.195 கிலோமீற்றரை எந்தக் கிராமத்து இளைஞனும் புத்தாண்டன்று ஓடுவதில்லை. ஊரைச் சுற்றி ஏழெட்டுக் கிலோமீற்றர், மிஞ்சினால் பத்து. பெயர் மட்டும் மரதன்.

இந்த விளையாட்டு ஓட்டம் நற்காரியங்களுக்கு நிதி திரட்டும் ஓட்டமாகவும் மாறத் தொடங்கியது அண்மைக் கால வழக்கம். அதற்கு நியாயம் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருவது வருடப்பிறப்புக்குத்தான். பாடசாலைகளுக்கு விடுமுறை. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திருப்போர் சிலர் இருப்பர். கைவிசேடம் கொடுக்கும் நாளில் மனமும் சற்று இளகியிருக்கும். ஆள் சேர்க்கவும் பணம் சேர்க்கவும் இதைவிட நல்ல காலம் இல்லை என்று செயலாளர் சொல்வதை மறுக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் முதலாவது ஓட்டத்தை ஒழுங்கு செய்தபோது இதே வாதத்தை முன்வைத்தவன் நான்தான்.

அந்த முதல் ஓட்டத்தில் நடந்ததை இதுவரை நான் எங்கும் எழுதவில்லை.

சித்திரை 15 ஆம் நாள் காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்குவதாக அறிவித்திருந்தோம். பிரதம விருந்தினராக அழைக்கப்பட்டவர் வந்து சேர்ந்தபோது ஏழு மணி கடந்துவிட்டது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் முடிந்து கொடி அசைக்கையில் ஏழரை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஓட்டம் பிரதான வீதிவழியே செல்வதால் இரு பக்கமும் வாகனங்களை மறிப்பதென்று ஏற்பாட்டுக் குழுவில் தீர்மானித்திருந்தோம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நானே. பொலிஸார் இருவரே வந்தனர். விழாக்காலத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இயலாது. ஆகவே சந்திகளில் நாங்கள்தான் கயிறு பிடித்து நின்றோம்.

நான் நின்ற சந்தியில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. பின்னால் வயோதிபர் ஒருவரும் அவருடைய மகளும். "ஐயா, ஆசுப்பத்திரிக்குப் போக வேணும், எட்டு மணிக்கு முறை" என்று மகள் சொன்னார். ஓடுவோரின் பெருங்கூட்டம் அப்போதுதான் வளைவில் தெரிந்தது. "ஐஞ்சு நிமிசம் பொறுங்கோ பிள்ளை" என்றேன். ஐந்து நிமிடம் பத்தாகியது. முன்னால் ஓடியவர்கள் கடந்தபின் நடந்து வருபவர்கள், அவர்களுக்குப் பின்னால் சிறுவர்கள், அவர்களுக்குப் பின்னால் அனுசரணையாளரின் ஒலிபெருக்கி வாகனம். குறுக்கு ஒழுங்கையோ குழாய் பதிக்கத் தோண்டிய நிலையில் கிடந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்தே அந்த முச்சக்கர வண்டி போயிற்று.

அவர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதனைப் பின்னர்தான் அறிந்தேன். நாங்கள் யாருக்காக ஓடினோமோ அந்தப் பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் அளவில் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் போக்குவரத்துக்கு உண்டு. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு வாரத்தில் மூன்று முறை முச்சக்கர வண்டி பிடிப்பது இயலாத காரியம். அதனால்தான் நிதி திரட்டினோம். இயந்திரங்களோ குறைவு, முறைகளோ நெருக்கமானவை. ஒருவர் பிந்தினால் ஒன்றில் அவருடைய நேரம் குறையும், இல்லையேல் அடுத்தவருடைய நேரம் தள்ளிப்போகும். அன்று அவருடைய நேரம் குறைந்தது.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைத் தம்பி, எங்களுக்காகத்தானே ஓடினவை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் பத்திரிகைக்கு எழுதிய செய்தியில் "ஓட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்றிருந்தது. பிரதம விருந்தினரின் படமும் வந்திருந்தது.

இது ஒரு தனிச் சம்பவம், ஒழுங்கு பிசகியதால் நேர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஒழுங்கு பிசகுவதற்கே விழாக்காலம் வழி செய்கிறது என்பதே என் கருத்து. பொலிஸார் போக்குவரத்து நெரிசலிலும் கோயில் கடமையிலும் இருப்பர். வைத்தியசாலை ஊழியர் பலர் விடுமுறையில் சென்றிருப்பர். அதே வேளை வீதி விபத்துக்களும் பட்டாசுக் காயங்களும் கூடுகின்ற காலம் அது. விபத்துப் பிரிவு எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டிய நாட்களில், நூறு இருநூறு பேரை வெயிலில் ஓடவிட்டு அந்தப் பிரிவுக்கு மேலும் சுமை ஏற்றுகிறோம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் வடக்குக்கும் வந்த 1990 சுவசரிய அம்புலன்ஸ் சேவை ஏழை மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. அந்த வண்டிக்கும் பாதை வேண்டுமல்லவா? அதனையும் நாம்தான் மறித்து நிற்கிறோம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை மாத முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. தெய்வேந்திரமுனையில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு வருகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் இதனை ஊர் ஊராக அறிவிக்க, நாங்களும் ஆண்டுதோறும் பிரசுரிக்கிறோம். அதே பக்கத்தில் மரதன் ஓட்ட அறிவித்தலையும் பிரசுரிக்கிறோம். காற்றில் ஈரப்பதன் கூடிய நாட்டில் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடலின் சூடு தணிவதில்லை. உடலின் உட்சூடு 40 பாகை செல்சியஸைத் தாண்டி அறிவும் தடுமாறத் தொடங்கினால் அது உயிராபத்து. அவ்வேளை தாமதமின்றிக் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் தேவை. குளிர்நாட்டிலிருந்து இரண்டு நாட்களுக்கு முன் வந்திறங்கிய பிள்ளைக்கும், கொழும்பில் குளிரூட்டிய அறையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தச் செய்தியைப் படித்த பின்னரும் திகதியைப் பற்றி யோசியாதிருப்பது தகுமா?

வெளிநாடுகளில் விழாநாளில்தானே ஓடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அமெரிக்காவின் பஃபலோ நகரில் நன்றி நவிலல் நாளன்று நடைபெறும் ஓட்டம் 1896 இல் தொடங்கியது. அது கார்த்திகைக் கடைசியின் கடுங்குளிர். கடைகள் பூட்டிய வெறும் வீதி. அங்கே விழாநாள் ஓட்டத்துக்கு உதவுகிறது. இங்கே நிலைமை எதிர்மாறு.

கனடாவிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளிடம் ரெறி பொக்ஸ் யார் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். பாடசாலையில் செப்டெம்பர் தோறும் அவர் பெயரில் ஓடியவர்கள் அவர்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர், 1980 ஏப்ரல் 12 இல் சென். ஜோன்ஸ் நகரில் தொடங்கி 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்தினார். மறு ஆண்டு யூன் மாதம் காலமானார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முதலாம் இரண்டாம் இடம் இல்லை. நிறுவனங்களின் விளம்பரத்துக்கும் இடமில்லை. நம்மவர்கள் அங்கிருந்து கொண்டுவர வேண்டியது இதனை. கொண்டுவந்ததோ ரீசேட்டை மட்டும்.

எங்கள் ஓட்டத்தில் திரண்ட பணத்தில் கணிசமான பங்கு ரீசேட்டுக்கும் பதாகைக்கும் ஒலிபெருக்கிக்கும் விருந்தினரின் மாலைக்கும் போயிற்று. நோயாளர் கையில் சேர்ந்தது மீதி. அந்தக் கணக்கு வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படவுமில்லை. யாரும் களவெடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்குக் காட்டாத தருமத்தில் களவு இல்லை என்பதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது?

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். 2016 இல் காலி கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நடந்தார்கள். தெற்கு வடக்குக்காகவும் வடக்கு தெற்குக்காகவும் நடந்த நடை அது. இரண்டுமே சித்திரை விழாக் கூட்டத்தை நம்பி நடந்தவை அல்ல. காரியத்தில் நம்பிக்கை இருந்தபடியால் சனம் வந்தது.

ஓட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஊருக்காக ஓட முன்வருவது அருமையான காரியம். தைப்பொங்கல் முடிந்தபின், மாரி மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை மாதக் கடைசியிலோ மாசியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். கொழும்புப் பிள்ளைகள் அப்போது குறைவாகவே வருவர். வரமுடியாதவர் பஸ் காசை அனுப்பினால் அதுவும் தருமமே. சித்திரையில்தான் வைப்போம் என்றால் சில காரியங்களுக்கு உடன்பட வேண்டும். பொழுது விடியும்போதே தொடங்கி ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். தூரம் ஐந்து கிலோமீற்றர் போதும். பிரதம விருந்தினர் வேண்டாம். கொடியை வாசிகசாலைக் காவலாளி அசைக்கட்டும். வீதியின் ஒரு பாதி எப்போதும் திறந்திருக்க வேண்டும். முதல் நாளே வைத்தியசாலைக்கு அறிவித்து, அன்றைய முறைக்காரர் யார், எந்த வழியால் வருவர் என்று ஒவ்வொரு சந்தியில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மோரும் உப்பிட்ட எலுமிச்சை நீரும் வழியெங்கும் இருக்க வேண்டும். கணக்கு இரண்டு வாரத்துக்குள் பலகையில் ஏற வேண்டும்.

இவற்றையெல்லாம் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். முச்சக்கர வண்டிக் கதையையும் முதல் தடவையாகச் சொன்னேன். "இதை ஏன் அண்ணை அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. குழுவோடு பேசிவிட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய இறப்புக்கும் அந்த முக்கால் மணித்தியாலத்துக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவர் ஆயுளில் எஞ்சியிருந்த நேரத்தில் முக்கால் மணித்தியாலத்தை நான் கயிறு பிடித்து மறித்தேன் என்பது மாறப்போவதில்லை. செயலாளர் மீண்டும் அழைத்தால் நானும் ஊருக்குப் போவேன். அதே சந்தியில் நிற்பேன். கையில் கயிறு இராது.