அந்த இரண்டு ஓட்டங்கள்

கிரிக்கெட் பேச்சு எழும் இடங்களில் கபில்தேவை வள்ளல் என்று புகழ்வோர் உண்டு. ஏமாளி என்று இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் சுட்டிக்காட்டுவது ஒரே ஆட்டத்தைத்தான். 1987ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டம் அது. அப்போது நான் பிறக்கவே இல்லை. என் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டும், பழைய ஒளிப்பதிவைப் பார்த்தும் அறிந்தவன்தான். ஆயினும் இந்த வழக்கில் என் கருத்து இரு சாராருக்கும் ஒத்துவராது.

இங்கிலாந்துக்கு வெளியே நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டி அது. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து நடத்தின. 60 ஓவர்கள் 50 ஆகக் குறைந்ததும் அப்போதுதான். போட்டி தொடங்கிய மறுநாளே, 1983இல் கோப்பையை வென்ற நம் அணி தன் முதல் ஆட்டத்தில் ஆலன் பார்டரின் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது.

முதலில் ஆடிய ஆஸ்திரேலியாவுக்கு ஜெஃப் மார்ஷ் நிதானமாக நின்று 110 ஓட்டங்கள் எடுத்துக் கொடுத்தார். இடையில் டீன் ஜோன்ஸ், மணீந்தர் சிங்கின் பந்தொன்றைத் தூக்கியடித்தார். எல்லைக்கோட்டருகே நின்றவர் ரவி சாஸ்திரி. பந்து கோட்டுக்குள் விழுந்து சென்றதா, நேரே கோட்டைத் தாண்டியதா என்ற ஐயம் எழுந்தது. நான்கு என்று தீர்ப்பாயிற்று. ஆஸ்திரேலியர் விடவில்லை, இடைவேளையில் முறையிட்டனர். கபில்தேவ் மறுக்காமல் அதை ஆறு என்று ஒப்புக்கொண்டார். 268 ஆக இருந்த எண்ணிக்கை 270 ஆயிற்று.

இந்தியா எடுத்தது 269. ஒரே ஓட்டத்தில் தோல்வி! அந்த இரண்டைக் கொடுத்திராவிட்டால் வெற்றி நம்முடையது. ஏமாளி என்போரின் வாதம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

நான் கேட்கிறேன்: அந்தப் பந்து கோட்டைத் தாண்டியிருந்தால் அது ஆறுதானே? விடைத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டும்போது இரண்டு விட்டுப்போனால் நாம் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கிறோம். சேர்த்துக் கொடுத்தால் அதைப் பல்கலைக்கழகத்தின் தருமம் என்றா கொண்டாடுகிறோம்? நமக்கு உரியது வந்தது என்கிறோம். கபில்தேவ் தானமும் செய்யவில்லை, ஏமாறவும் இல்லை. கணக்கைச் சரிபார்த்தார், அவ்வளவே. நடுவர் சொல்லே இறுதி என்று சட்டம் பேசி அவர் தப்பித்திருக்கலாம். அப்படித் தப்பித்திருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள். அதனால்தான் அந்த ஒப்புதலுக்கு மதிப்பு.

சரி, தோற்றது எதனால்? கவாஸ்கரும் நம் ஊர் ஸ்ரீகாந்தும் அருமையாகத் தொடங்கினர். ஸ்ரீகாந்த் 70 எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் அன்றுதான் அறிமுகமான சித்து, சிக்சர்களாக விளாசி 73 குவித்தார். ஒரு கட்டத்தில் 2 விக்கெட்டுக்கு 207. மாமியார் வீட்டு விருந்துபோல் ஆட்டம் நம் முன்னே பரிமாறப்பட்டிருந்தது! பிறகு மெக்டர்மாட் வந்தார். சித்து, அசாருதீன், வெங்சர்க்கார், சாஸ்திரி என நால்வரை அடுத்தடுத்துச் சாய்த்தார். போதாக்குறைக்கு இருவர் ரன் அவுட். மீதமிருந்த 8 விக்கெட்டுகளும் 62 ஓட்டங்களுக்குள் போயின. இதைப் பேசுவார் இல்லை. இடைவேளையில் கொடுத்த இரண்டை மட்டும் 8 விக்கெட் இழந்தவர்கள் குறை சொல்வது என்ன நியாயமோ!

அந்தத் தோல்வியால் நாம் போட்டியிலிருந்து வெளியேறிவிடவும் இல்லை. அதே மாதம் 22ஆம் நாள் டெல்லியில் ஆஸ்திரேலியாவை 56 ஓட்டங்களில் வென்றோம். பிரிவில் முதலிடமும் நமக்கே கிடைத்தது. பம்பாய் அரையிறுதியில் இங்கிலாந்திடம் வீழ்ந்ததற்கும் சேப்பாக்கத்து இரண்டு ஓட்டங்களுக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. ஆஸ்திரேலியா கல்கத்தாவில் கோப்பையை வென்றதும் உண்மையே. அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

அதே போட்டியில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ், பந்து வீசுமுன் கோட்டை விட்டு வெளியேறிய பாகிஸ்தானின் கடைசி ஆட்டக்காரரை அவுட் ஆக்காமல் எச்சரித்தனுப்பினார். அவர் அணி தோற்றது. அது பெருந்தன்மை. சட்டப்படி தமக்கு உரியதை வால்ஷ் விட்டுக்கொடுத்தார். கபில்தேவ் செய்தது வேறு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மணீந்தர் சிங்கைப் பழிப்போருக்கும் ஒரு சொல். ஜோன்ஸிடம் அடி வாங்கிய அவரேதான் கடைசி ஓவரில் கடைசி விக்கெட்டாக மட்டையோடு நின்றார். தேவை 6. வீசியவர் ஸ்டீவ் வா. சுழற்பந்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர் அதில் 4 எடுத்தார். இரண்டு பந்துகள் இருக்க, இரண்டு ஓட்டங்கள் வேண்டியிருக்க, ஐந்தாவது பந்தில் ஸ்டம்பு சரிந்தது. தேர்ந்த மட்டையாளர்கள் அவர் கையில் விட்டுச்சென்ற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் முடித்துத்தான் இருந்தார்.